போருக்குப் போன பாட்டனார்



நம் நாட்டுப் பழைய ஊர்கள் பலவற்றில், சாவடிச் சுவரிலோ, பள்ளிக்கூடத்து வாயிலிலோ சிறிய கல் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு அவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர் என்றும், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்றும் அக்கல் கூறும். போர் முடிந்தபின் பழைய சென்னை மாகாணத்து ஊர்களில் ஆங்கில அரசாங்கம் பதித்த கற்கள் இவை. சில கற்கள் சுண்ணாம்புப் பூச்சுக்கு உள்ளே மறைந்துவிட்டன. சிலவற்றின் மேல் இன்று சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்படுகின்றன. இக்கற்களைப் படித்துப் பார்ப்பவர் ஒன்றை உடனே கவனிப்பர். பெரும்பாலும் அவற்றில் எண் உண்டு, பெயர் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது பழைய வட ஆற்காடு ஜில்லாவிலுள்ள ஒரு சிறிய ஊர். கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கம் அந்த நாட்டுக்குப் புதியதன்று. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஆநிரை மீட்டு இறந்த வீரனுடைய பெயரையும், அவன் எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில் இறந்தான் என்பதையும் ஒழுங்காகச் சொல்லுகின்றன. எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல் ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எடுக்கப்பட்டது. தலைவன் இறந்தபின் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய் ஒன்றின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த நாட்டில், 1,300 ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து சென்ற மனிதருக்கு எண் மட்டுமே மிஞ்சிற்று. அவ்வெண்ணில் அடங்கிய ஒருவருடைய வரலாற்றை ஏடுகளைக் கொண்டு எவ்வாறு மீட்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் போரின் அளவை நினைவுபடுத்திக் கொள்வோம். முதல் மகாயுத்தத்தில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் பேர் பணிபுரிந்தனர். அவருள் 74,000 பேருக்கு மேல் இறந்தனர். பிரான்சு, கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து, பாலஸ்தீனம், இன்று இராக் எனப்படும் மெசபொடேமியா எனப் பல திசைகளில் அவர்கள் சென்றனர். 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கியதை நம்மவர் இன்றும் மறக்கவில்லை. சாமர்த்தியசாலியை எம்டன் என்று அழைக்கும் வழக்கே தமிழில் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் அந்தப் போருக்காக நம் ஊரிலிருந்து கப்பலேறியவர் யார் என்று கேட்டால், விடை கூறுவோர் அரியர்.

போருக்குச் சென்றவரை ஏடுகள் மூன்று விதமாக நடத்துகின்றன. விருது பெற்றவரை ஏடு மறப்பதில்லை. இரண்டாம் மகாயுத்தத்தில், 1944 பிப்ரவரி 24 ஆம் நாள், இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்திப் பிறரைக் காத்து உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரத்துப் பகுதியினர். மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையினர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அவர் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு அரசிதழும் படைப்பிரிவின் ஏடுகளும் துணை நிற்கும்.

இரண்டாவது வகையினர் போரில் இறந்தவர். அவர்களுடைய கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பேணுவதற்காக 1917 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆணையம் நிறுவப்பட்டது. அதன் பட்டியல்களில் பெயரைத் தேடலாம். அங்கும் ஒரு குறை உண்டு. மெசபொடேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாதவர்க்கு எடுக்கப்பட்ட பஸரா நினைவுச் சின்னத்தில், ஆங்கிலேயருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையில் மட்டும் இடம் பெற்றனர். இத்தகைய வேற்றுமை காட்டப்பட்டது உண்மை என்று அந்த ஆணையமே 2021 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. புது டில்லியில் 1931 இல் திறக்கப்பட்ட இந்தியா வாயிலில் உள்ள பெயர்களும் 13,000க்குச் சற்றே மிகுதி.

மூன்றாவது வகையினர், விருதும் பெறாமல், இறக்கவும் இறக்காமல், கடமையை முடித்துக்கொண்டு வீடு திரும்பி, ஏர் பிடித்து, மக்களைப் பெற்று, முதுமையில் கண் மூடியவர். எண்ணிக்கையில் இவர்களே மிகப் பலர். ஏட்டில் இவர்களே மிகக் குறைவாகக் காணப்படுகின்றனர். என் தந்தையைப் பெற்ற பாட்டனார் இந்த மூன்றாவது வகையினர். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1947 இல், அவர் காலமானார்.

அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழங்கிய கதை இது. அவர் சிப்பாயாகப் போனார்; பாக்தாத் நகரைப் பிடித்த சண்டையில் துப்பாக்கி ஏந்தி நின்றார்; அவருடைய வீரத்தை மெச்சி வெள்ளைக்காரத் துரை பதக்கம் தந்தார். ஊரார் அவரைப் பஸராக்காரர் என்றே அழைத்தனர். எங்கள் வீட்டை இன்றும் முதியோர் பஸராக்காரர் வீடு என்பர்.

சரித்திரம் கற்பிக்கும்போது மாணவர்க்கு நான் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. இதைச் சொன்னவர் யார்? எப்பொழுது சொன்னார்? எதற்காகச் சொன்னார்? இக்கேள்விகள் அசோகனுடைய கல்வெட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டுக் கூடத்தில் வழங்கும் கதைக்கும் உரியவை. ஆகவே, ஓய்வு பெற்றபின், குடும்பக் கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொன்னவர் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் எதிரில் ஆதாரத்துக்கென ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, தேடத் தொடங்கினேன்.

முதல் ஆதாரம் பெட்டியிலேயே இருந்தது. அது அந்தப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய தலை. மறு பக்கம் குதிரை மேல் அமர்ந்த வீரன். 1914, 1918 என்னும் ஆண்டுகள். இது பிரிட்டிஷ் வார் மெடல் எனப்படுவது. தனிப்பட்ட வீரச் செயலுக்காக இது தரப்பட்டதன்று. அந்தப் போரில் முறைப்படி பணிபுரிந்தோர் அனைவருக்கும் உரியதாக, 65 லட்சத்துக்கு அருகில் வெளியிடப்பட்டது. பதக்கத்தின் முகத்தைவிட அதன் விளிம்பே தேடுவோர்க்குப் பயன்படும். பெற்றவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை நுண்ணிய ஆங்கில எழுத்துக்களில் விளிம்பிலே பொறிக்கப்பட்டிருக்கும். நேயர்களுள் எவர் வீட்டிலேனும் அத்தகைய பதக்கம் இருந்தால், புளி போட்டுத் துலக்க வேண்டாம். துலக்கத் துலக்க விளிம்பெழுத்துத் தேய்ந்துவிடும். பூதக்கண்ணாடி கொண்டு வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்.

எங்கள் பதக்கத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அது வெள்ளியன்று, வெண்கலம். போர் வீரர்க்கு இப்பதக்கம் வெள்ளியில் அளிக்கப்பட்டது. சீனா, மால்டா, இந்தியா முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் படைகளிலும் ஏவலர் பிரிவுகளிலும் பணிபுரிந்த, ஆயுதம் ஏந்தாத மக்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வார்த்துத் தரப்பட்டது. விளிம்பைப் படித்தபோது ஐயம் தீர்ந்தது. ஓர் எண், அடுத்து ‘கூலி’ என்னும் பதவிச் சொல், அடுத்துப் பாட்டனாரின் பெயர், கடைசியில் ‘லேபர் கோர்’, அதாவது தொழிலாளர் படை.

துப்பாக்கி ஏந்திய சிப்பாய் என்று மூன்று தலைமுறை போற்றிய ஒருவரை அந்த விளிம்பு மூட்டை சுமந்தவர் என்கிறது. இதை வீட்டாரிடம் எவ்வாறு சொல்வது என்பதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மூட்டை சுமந்தவருக்கு அந்தப் போரில் என்ன இடம் என்பதைப் படித்தறிய முற்பட்டேன்.

நான் படித்தவற்றுள் பெரிதும் துணை செய்தது ராதிகா சிங்கா அவர்கள் எழுதி 2020 இல் வெளிவந்த ஆங்கில நூல். கூலியின் மகாயுத்தம் என்பது அதன் தலைப்பின் பொருள். அந்தப் போரில் இந்தியப் படையைச் சார்ந்திருந்த ஆயுதம் ஏந்தாத ஊழியர் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று அவர் காட்டுகிறார். மூட்டை சுமந்தோர், சாலை போட்டோர், கழுதையும் குதிரையும் ஓட்டினோர், தண்ணீர் சுமந்தோர், சமைத்தோர், துணி வெளுத்தோர், காயம்பட்டவரைத் தூக்கியோர், கழிவு அகற்றியோர் ஆகிய எல்லோரும் அவருள் அடங்குவர். சிப்பாய்க்குக் கிடைத்த உணவு, உடை, ஓய்வூதியம் ஆகியவை இவர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. போரின் பிற்பகுதியில் ஆட்பஞ்சம் ஏற்பட்டபோதுதான் சில பிரிவினர்க்கு நிலைமை ஓரளவு உயர்ந்தது.

மெசபொடேமியாவின் வரலாற்றைப் பார்த்தால் இவர்களுடைய தேவை நன்கு விளங்கும். 1914 நவம்பரில் பஸரா பிடிபட்டபோது, பெரிய கப்பல்கள் அணைந்து நிற்கத்தக்க துறைமேடை அங்கே இல்லை. கப்பல்கள் ஆற்றின் நடுவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைச் சிறு படகுகளில் இறக்கி, கரையில் ஆட்கள் தோளில் ஏற்ற வேண்டியிருந்தது. சரக்கு இறக்க முடியாமல் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. இந்நிலையில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை பாக்தாதை நோக்கி வெகுதூரம் முன்னேறிச் சென்று, பின்வாங்கி, 1915 டிசம்பரில் கூட் என்னும் ஊரில் முற்றுகையிடப்பட்டது. அதை மீட்க வந்த உதவிப் படைகளையும் தளவாடங்களையும் பஸராவிலிருந்து மேலே அனுப்பப் போதிய படகும் பாதையும் இல்லை. 1916 ஏப்ரல் 29 ஆம் நாள், பசியால் வாடிய அந்தப் படை சரணடைந்தது. சுமார் 13,000 பேர் சிறைப்பட்டனர். போக்குவரத்துக் குறைவே பெருங்கேட்டுக்கு முக்கிய காரணம் என்று 1917 இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை எடுத்துக் கூறியது.

அதன் பின்னரே பஸராவில் துறைமேடைகள் எழுந்தன. சதுப்பு நிலத்தின் மேல் சாலைகள் போடப்பட்டன. இந்தியாவிலிருந்து தண்டவாளங்களும் இரயில் பெட்டிகளும் கப்பலேறிச் சென்று அங்கே இருப்புப்பாதை நீண்டது. நிழலில் 120 பாகையைத் தாண்டும் வெயிலில் இந்த வேலைகள் நடந்தன. 1917 மார்ச் 11 ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தது. ஜெனரல் மாட் என்பவரே அவ்வெற்றிக்கு உரியவர் என்று பாடப்புத்தகங்கள் கூறும். அவருடைய படைக்குச் சோறும் தோட்டாவும் போய்ச் சேர்ந்த வழியைப் பார்த்தால், அங்கே நம் பக்கத்து ஊர்களின் தோள்கள் தெரியும்.

இரண்டாவது ஆதாரம் ஓர் அஞ்சலட்டை. இராமாயணப் புத்தகத்தின் நடுவே பல ஆண்டுகள் கிடந்து பழுத்துப்போயிருந்தது. போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்களில் ஊர்ப் பெயர் இராது. இடம் பகைவர்க்குத் தெரியலாகாது என்பது விதி. ஆனால் அஞ்சல் முத்திரையில் எப்.பி.ஓ. என்னும் எழுத்துக்களும் ஓர் எண்ணும் நாளும் காணப்படும். களத்து அஞ்சல் நிலையம் என்பது அதன் பொருள். நிலையங்கள் படையோடு இடம் மாறுபவை. ஆகையால் எண்ணையும் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த நாளில் எந்த எண் எங்கே இருந்தது என்று அஞ்சல்தலை சேகரிப்போர் பொறுமையோடு பட்டியல்கள் தயாரித்து வைத்திருக்கின்றனர். அவர்களுடைய உதவியால் எங்கள் அட்டை 1917 ஜூலையில் பஸராவிலிருந்து புறப்பட்டது என்று தெரிந்தது. பாக்தாத் விழுந்து நான்கு மாதம் ஆன பின்னும் அவர் நூற்றுக்கணக்கான மைல் தெற்கே, துறைமுகத்தில் இருந்தார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். வீட்டார் பாக்தாத் என்றனர். ஊரார் பஸராக்காரர் என்றனர். ஊர் இட்ட பட்டப்பெயரில் உண்மை நெடுநாளாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. வாய்மொழியை இகழ்ந்து ஏட்டை மட்டும் நம்புவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அட்டையில் எழுதியிருந்தது பாட்டனாரின் கையெழுத்தன்று. அவர் எழுதப் படிக்க அறியாதவர். யாரோ எழுத்தறிந்த தோழர் எழுதியிருக்கிறார். போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. புறப்படும்போது கொடுத்த முன்பணத்தில் கடன் அடைந்ததா, கூரை வேய்ந்தாயிற்றா, சினைமாடு ஈன்றதா என்ற மூன்று விசாரணைகளே இருந்தன. அவர் ஏன் கப்பலேறினார் என்பதற்கு அந்த முதல் விசாரணையே போதிய விடை.

அடுத்து, விளிம்பில் உள்ள பெயருக்குரியவர் எங்கள் பாட்டனாரே என்று எவ்வாறு உறுதி செய்வது? தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரு முனுசாமி பத்துவிதமான முனுசாமி ஆவார். தந்தை பெயரும் ஊரும் விளிம்பில் இடம் பெறா. ஒரே பெயருடையவர் ஒரே ஜில்லாவில் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பர். ஆகவே ஒரு சாட்சியை மட்டும் நம்பலாகாது. நல்ல வேளையாக, அஞ்சலட்டையின் ஓரத்தில் அனுப்புவோர் எண் எழுதப்பட்டிருந்தது. அதுவும் விளிம்பில் இருந்த எண்ணும் ஒன்றே. அட்டையிலோ எங்கள் தெருவும் அவருடைய தாயார் பெயரும் உள்ளன. இரண்டு சாட்சிகளும் கைகோத்துக்கொண்டன.

போருக்குப் பிந்திய வாழ்வைத் தேட நான் தூர தேசம் போக வேண்டியிருக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்தபோது, 1920 இல் அவர் சிறு துண்டு நிலம் கிரயம் வாங்கியது தெரிந்தது. பஸராவின் கூலி அவ்வாறு புஞ்சையாக மாறியிருக்கிறது. 1931 இல், விளைபொருளின் விலை விழுந்து குடியானவர் தவித்த காலத்தில், அதே நிலத்தை அவர் அடமானம் வைத்தார். 1939 இல் அது மீட்கப்பட்டது. இடையே 1938 இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். ஒரு குடியானவனுடைய நிலத்தைச் சட்டம் காத்த கதையை அந்த இரண்டு பத்திரங்களும் ஆளுக்கு நான்கு வரியில் சொல்லி முடிக்கின்றன.

அந்த அடமானப் பத்திரத்தில் அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அவருக்குப் புகைப்படம் கிடையாது. அவருடைய முகத்தை எங்களில் எவரும் கண்டதில்லை. மை சற்று மங்கிய அந்த ரேகையின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் என் விரலைவிட அகலமானது.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றியும் கூறியாக வேண்டும். அது என் வாழ்நாள் தொழிலோடு சேர்ந்தது. என் தந்தையாரை 1934 இல் பள்ளியில் சேர்த்த பதிவில், தகப்பனார் தொழில் என்னும் பத்தியில் விவசாயம் என்று எழுதியிருக்கிறது. போரைப் பற்றிக் குறிப்பில்லை. அப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதிகளை ஆராய்ச்சியாளர் வேதவாக்காகக் கொள்ளலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆண்டில் பாதிப் பிள்ளைகள் ஜூலை முதல் தேதி பிறந்திருப்பார்கள். ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்னும் விதிக்காக ஆசிரியர் அருளிய பிறப்பு அது. பெரியவர்களின் வயதும் அப்படியே. 1931 பத்திரத்தின்படி பாட்டனார் 1895 இல் பிறந்தவர். 1947 மரணப் பதிவின்படி 1892 இல் பிறந்தவர். இரண்டையும் எழுதி, இடையில் சுமார் என்று ஒரு சொல் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இத்தகைய தேட்டத்தில் இறங்க விரும்புவோர் செல்லத்தக்க இடங்கள் சில உண்டு. சென்னை எழும்பூரில், 1909 முதல் தனிக் கட்டடத்தில் இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், பழைய மாகாண அரசாணைகள் துறைவாரியாக உள்ளன. புது டில்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் பட்டியல்களை அபிலேக் படல் என்னும் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஏடுகள் உள்ளன. இரண்டாம் மகாயுத்தத்திலோ அதன் பிறகோ பணிபுரிந்தோர் குடும்பத்தார், தம் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை முதலில் அணுகுவது நலம். பஞ்சாபிலிருந்து முதல் மகாயுத்தத்துக்குச் சென்றோரைக் கிராமம் கிராமமாகப் பதிந்த ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தன. சுமார் 3,20,000 பேரைப் பற்றிய அவ்வேடுகள் 2021 முதல் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டு வருகின்றன. அதனால் கடல் கடந்து வாழும் பஞ்சாபியரும் தம் பாட்டன் பூட்டன் பெயரைக் கண்டு மகிழ்கின்றனர். நம் பக்கத்துத் தேட்டம் பெரும்பாலும் பெட்டியிலும் பரணிலும்தான் தொடங்க வேண்டும்.

இனி, ஒதுக்கி வைத்த கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கல்லின் அருகே, கண்டுபிடிக்கக்கூடிய பெயர்களையாவது எழுதிப் புதிய பலகை ஒன்று வைப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்தனர். ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோருடைய பெயரையும் பதவியையும் எழுதித் தர வேண்டும். எங்கள் குடும்பத்தார் சிலர் சிப்பாய் என்றே எழுதிவிடலாம், நூறு வருஷத்துக் கதையை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்றனர். அவர்கள் பொய் பேசுகிறவர்கள் அல்லர். கூலி என்னும் சொல்லைத் தம் பாட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் காண அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். அச்சொல்லின் சரித்திரம் அப்படிப்பட்டது. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். நேர்மையான சொல். ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் சிலர். குஜராத்தில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எங்கிருந்து சென்றதாயினும், கப்பலேறிய பின் அது ஊதியத்தைக் குறிப்பதை விட்டு மனிதனையே குறிக்கத் தொடங்கிற்று. அதுவும் மதிப்பாக அன்று.

பாட்டனாரின் மக்களுள் இன்று உயிரோடிருப்பவர் என் அத்தை ஒருவரே. வயது தொண்ணூறை நெருங்குகிறது. துப்பாக்கிக் கதையை எங்களுக்குச் சொன்னவரும் அவரே. பலகையில் எழுதுமுன் அவரிடம் கேட்காமலிருப்பது முறையன்று என்று எண்ணி, பதக்கத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு சென்று, விளிம்பில் உள்ளதை மெதுவாகப் படித்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தம் பிடரியைத் தொட்டுக் காட்டினார். “எங்க அப்பாவுக்கு இங்க ஒரு தழும்பு இருந்தது. எண்ணெய் தேய்க்கறப்ப நான் பார்த்திருக்கேன். துப்பாக்கிக் கட்டை இடிச்சதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. கட்டை எப்படிப்பா பிடரியில இடிக்கும்?” என்றார். சற்றுப் பொறுத்து, “சண்டை போடறவனுக்கும் அரிசி மூட்டையை ஒருத்தன் தூக்கித்தானே ஆகணும்? உள்ளதையே எழுது” என்றார்.

அத்தை கேட்ட கேள்வியில் சாட்சியத்தை ஆராயும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றதும் அதுவே. பாட்டியார் ஏன் அப்படிச் சொல்லி வந்தார் என்பதும் எனக்கு விளங்கிற்று. பசிக்காகச் சுமை தூக்கப் போனார் என்பதைவிட, துரைக்குச் சமமாகத் துப்பாக்கி பிடித்தார் என்பது பிள்ளைகளை நிமிர்ந்து நடக்கச் செய்யும் என்று அவர் கருதியிருப்பார். அதை நான் குறை கூற மாட்டேன். அன்றைய உலகம் சுமந்தவனுக்கு மரியாதை தரவில்லை. ஆகவே மனைவி தன்னால் இயன்ற மரியாதையைத் தானே செய்து கொடுத்தாள். இன்றைக்கு அந்த உறை தேவையில்லை. கூட் நகரில் பசியால் சரணடைந்த படையின் கதையை அறிந்தவர் எவரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரைச் சிறியவர் என்று எண்ணார்.

பலகை இப்போது வைக்கப்பட்டுவிட்டது. அதில் பாட்டனாரின் பெயருக்கு எதிரே, தொழிலாளர் படை, பஸரா, 1917 என்று எழுதியிருக்கிறது. அதைக் கண்டபின் மற்றும் இரண்டு குடும்பத்தார், தங்கள் வீட்டிலும் வெண்கலப் பதக்கம் ஒன்று உண்டு, வெளியில் சொல்லக் கூசியிருந்தோம் என்று வந்து கூறினர். அப்பெயர்களும் சேர்க்கப்பட்டன. பழைய கல்லில் உள்ள எண்ணுக்கு ஈடாகப் பெயர்கள் இன்னும் முழுமையாகச் சேரவில்லை. பலகையின் கீழ்ப்பகுதியில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரிலும் அத்தகைய கல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் சொல்வதை இந்த வாரமே நாளிட்டு எழுதி வையுங்கள். பழைய பத்திரத்தையும் கடிதத்தையும், பயனற்ற காகிதம் என்று எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் படியுங்கள். கதையும் ஏடும் மாறுபட்டால், ஒன்றைக் கிழித்தெறியாமல் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பவர் தளபதியாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.